வணிக விமானிப் பயிற்சிக்கு எத்தனை மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும்? பி.பி.எல். முடித்தவரின் ஐயம்

மேகவழி எழுதியது:

வணக்கம். தனியார் விமானி உரிமமான பி.பி.எல். கைக்கு வந்துவிட்டது. பறப்புப் பதிவேடான லாக் புக்கில் தொண்ணூறு மணிக்குச் சற்று மேல் சேர்ந்திருக்கிறது. அடுத்து வணிக விமானி உரிமத்துக்கான சி.பி.எல். பயிற்சி என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. ஆனால் அதற்கு எவ்வளவு பறந்திருக்க வேண்டும் என்று விசாரித்தால் ஒருவர் 150 மணி என்கிறார், இன்னொருவர் 200 என்கிறார், மூன்றாமவர் 250 என்கிறார், 1500 மணி இல்லாமல் எந்த நிறுவனமும் ஏறெடுத்துப் பார்க்காது என்று சொல்லி வயிற்றில் புளியைக் கரைப்பவர்களும் இருக்கிறார்கள்.

என் கேள்விகள் இரண்டு. இந்த மணிக்கணக்கு பயிற்சியில் சேரும்போதே தேவையா, அல்லது உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது காட்டினால் போதுமா? இடைப்பட்ட மணிகளைத் தனியாகப் பறந்து சேர்க்க நினைக்கிறேன். அவற்றை எப்படிப் பறந்தால் பின்னாளில் வீணாகாமல் இருக்கும்? எந்த நாட்டின் உரிமம் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. ஆகவே எந்தக் கதவும் மூடிவிடாதபடி ஆலோசனை சொன்னால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பழைய பயிற்றுநர் எழுதியது:

நீங்கள் கேள்விப்பட்ட நான்கு எண்களும் சரியானவையே. ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை என்பதால்தான் அவை ஒன்றோடொன்று மோதுவதுபோல் தெரிகின்றன.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. தன் முதலாம் இணைப்பில் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவுகளே உறுப்பு நாடுகளின் விதிகளுக்கு அடித்தளம். அதன்படி விமானப் பிரிவில் சி.பி.எல். பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தின் கீழ் முழுப் பயிற்சியையும் முடித்தவருக்கு 150 மணி போதும். இந்த மொத்தத்துக்குள் தலைமை விமானியாக, அதாவது பயணத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்தது 100 மணி இருக்க வேண்டும் (அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டமானால் 70). ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தலைமை விமானியாகப் பறந்த க்ராஸ் கன்ட்ரி நேரம் 20 மணி இருக்க வேண்டும். அதில் ஒரு பயணமாவது மொத்தம் 540 கிலோமீட்டருக்கு, அதாவது 300 கடல் மைலுக்குக் குறையாமலும், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் இறங்கி முழுமையாக நின்று புறப்பட்டதாகவும் அமைய வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி 10 மணி. அதில் 5 மணிக்கு மேல் தரைப் பயிற்சிக் கருவியில் இருக்கக்கூடாது. இரவில் பறக்கும் உரிமையும் வேண்டுமானால் 5 மணி இரவுப் பறப்பும், தலைமை விமானியாக 5 புறப்பாடும் 5 இறக்கமும் வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பிய விதியில் பி.பி.எல்.லுக்குப் பின் படிப்படியாகச் செல்லும் மாட்யூலர் முறையைத் தேர்ந்தெடுத்தால், சி.பி.எல். பறப்புப் பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே 150 மணி கையில் இருக்க வேண்டும். உரிமம் பெறும்போது அது 200 ஆகியிருக்க வேண்டும். இடையில் நடக்கும் பயிற்சி 25 மணிதான் என்பதால் மீதியையும் நீங்களே பறந்து நிரப்ப வேண்டியிருக்கும். அமெரிக்க விதியில் பயிற்சி தொடங்க இத்தகைய வாசல் எண் கிடையாது, பி.பி.எல். இருந்தால் தொடங்கலாம், கணக்கு முழுவதும் தேர்வுக்குச் செல்லும்போது நிறைந்திருந்தால் சரி. இந்தியாவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. கேட்பது 200 மணி. அதன் உள்கணக்கும் ஏறக்குறைய ஐ.சி.ஏ.ஓ. சொல்வதே. ஆனால் அங்கே ஒரு கூடுதல் நிபந்தனை உண்டு: தலைமை விமானி நேரமான 100 மணியில் 15 மணியாவது விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுத்துத் தேர்வுக்காக ஓராண்டு தரையில் உட்கார்ந்துவிடுபவர்களை இந்த நிபந்தனை மறுபடியும் விமானத்தில் ஏற்றும்.

ஆகவே மொத்த எண்ணை ஒருபுறம் வைத்துவிட்டு, உங்கள் தொண்ணூறு மணியில் தலைமை விமானி நேரம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பி.பி.எல். முடித்த கையோடு இருப்பவர்களிடம் பெரும்பகுதி பயிற்றுநருடன் பறந்த டூயல் நேரமாகவே இருக்கும்.

வடகாற்று எழுதியது:

அமெரிக்கக் கணக்கை நான் விரிக்கிறேன், ஏனெனில் அங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. விதியின் 61ஆம் பகுதியில் பயின்றால் 250 மணி வேண்டும். 141ஆம் பகுதியின் கீழ் அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முழுப் பாடத்திட்டத்தையும் படித்தால் 190 மணி அளவிலேயே தேர்வுக்குச் செல்லலாம். 61ஆம் பகுதியின் உள்கணக்கு இது: தலைமை விமானியாக 100 மணி, க்ராஸ் கன்ட்ரி 50 மணி, இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சி 10 மணி, மடக்கும் சக்கரமும் மாற்றத்தக்க சுழலிக் கோணமும் கொண்ட காம்ப்ளக்ஸ் விமானத்திலோ, டர்பைன் விமானத்திலோ, நவீன மின்னணுத் திரைகள் கொண்ட விமானத்திலோ 10 மணிப் பயிற்சி. மின்னணுத் திரை விமானத்துக்கான சலுகை 2018இல் வந்தது. அதற்கு முன் பழைய காம்ப்ளக்ஸ் விமானத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். அமெரிக்காவில் சி.பி.எல். கணக்குக்கு ஒரு பயணம் க்ராஸ் கன்ட்ரி ஆக வேண்டுமானால், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு அப்பால் ஓரிடத்திலாவது இறங்கியிருக்க வேண்டும். ஐரோப்பிய வரையறையில் அப்படி ஒரு தூரம் சொல்லப்படவில்லை. முன்கூட்டித் திட்டமிட்ட வழியில், முறையான வழிகாட்டல் உத்திகளுடன் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் பறந்தால் போதும். எனவே 40 கடல் மைல் தொலைவில் இருக்கும் பக்கத்து நிலையத்துக்குப் போய்வந்த பயணம் ஒரு கணக்கில் ஏறும், மற்றொன்றில் ஏறாது.

நெடும்பயணமும் அப்படியே. எஃப்.ஏ.ஏ. கேட்பது மொத்தம் 300 கடல் மைல், மூன்று இடங்களில் இறக்கம், அவற்றில் ஓரிடமாவது முதலில் புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 கடல் மைலுக்குக் குறையாத தொலைவு.

மேகவழி எழுதியது:

மிக்க நன்றி. என் நெடும்பயணத்துக்கு ஒரு முக்கோண வழியை வரைந்து வைத்திருக்கிறேன். பக்கத்துக்கு 110 கடல் மைல் வீதம் மொத்தம் 330; இரண்டு வெளி நிலையங்களில் முழு நிறுத்தம். வடகாற்று அவர்கள் சொல்வதைப் பார்த்தால் இது அமெரிக்கக் கணக்கில் ஏறாது என்று தோன்றுகிறது, சரிதானா?

வடகாற்று எழுதியது:

சரிதான். மொத்த தூரம் 330 ஆனாலும், முக்கோணத்தின் எந்த முனையும் நீங்கள் புறப்பட்ட இடத்திலிருந்து 110 கடல் மைலைத் தாண்டவில்லை. ஐ.சி.ஏ.ஓ.வுக்கும் ஐரோப்பாவுக்கும் அது முழுமையான நெடும்பயணம். அமெரிக்காவுக்கு அது வெறும் நல்ல க்ராஸ் கன்ட்ரி. மாறாக, நேர்கோட்டில் 255 கடல் மைல் தொலைவிலுள்ள ஒரு நிலையத்துக்குச் சென்று, போகும்போதோ வரும்போதோ வேறொரு நிலையத்திலும் இறங்கி முழுமையாக நின்று, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரே பயணம் எல்லா விதிகளையும் நிறைவு செய்துவிடும். கூடுதல் எரிபொருள் செலவாகும். ஆனால் இன்னொரு முறை பறக்க நேர்வதைவிட அது குறைவே.

அந்தப் பயணத்தைத் தனியாகவே செய்யுங்கள். பயிற்றுநரை அருகில் அமர்த்திக்கொண்டு தலைமை விமானியின் கடமைகளைச் செய்தாலும் எஃப்.ஏ.ஏ. ஏற்கும். மற்ற இடங்களில் பயிற்றுநர் ஏறிய கணமே அவர்தான் தலைமை விமானி. உங்கள் ஏட்டில் அது டூயல் ஆகிவிடும்.

இறக்கைநுனி எழுதியது:

உரிம விண்ணப்பங்களுக்காக மற்றவர்களின் லாக் புக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அமெரிக்காவில் பி.பி.எல். பெற்றவர், தான் பறக்கத் தகுதி பெற்ற வகை விமானத்தின் கட்டுப்பாடுகளைத் தனியொருவராக இயக்கும்போது, பயிற்றுநர் பக்கத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாலும் அந்த நேரத்தை டூயல் என்றும் தலைமை விமானி நேரம் என்றும் இரண்டு பத்திகளிலும் எழுதலாம். அதேபோல் ஒருவர் கண்மறைப்பு அணிந்து கருவிப் பறப்பு பழகும்போது, பாதுகாப்பு விமானியாக உடன் அமர்ந்திருப்பவர் அந்தப் பயணத்தின் பொறுப்பை ஏற்றிருந்தால் இருவருமே தலைமை விமானி நேரம் எழுதிக்கொள்ளலாம். இரண்டும் அங்கே முற்றிலும் சட்டபூர்வமானவை. ஆனால் ஐரோப்பிய விதி, ஒரே விமானி இயக்கத்தக்க விமானத்தில் ஒரு நேரத்தில் ஒரு தலைமை விமானியை மட்டுமே அறியும். அமெரிக்க ஏட்டோடு வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்க வருபவர்களின் தலைமை விமானிப் பத்தியில் 140 என்று இருக்கும். இரட்டைப் பதிவுகளைக் கழித்துப் பார்த்தால் 100ஐத் தொடாது. யாரும் பொய் எழுதவில்லை. இரண்டு விதிகளும் ஒரே மணியை இரண்டு விதமாகப் பார்க்கின்றன, அவ்வளவுதான்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. யாரும் உடன் இல்லாமல் தனியே பறந்த நேரத்துக்கென்று ஏட்டில் ஒரு பத்தியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காலிப் பத்திகள் எல்லா லாக் புக்கிலும் இருக்கும். பின்னர் எந்த நாட்டு அதிகாரி கேட்டாலும் அந்தக் கூட்டுத்தொகையை யாரும் மறுக்க முடியாது.

பறப்பு நேரம் எங்கே தொடங்குகிறது என்பதிலும் தெளிவு வேண்டும். விமானம் புறப்படும் நோக்கத்துடன் முதலில் நகரும் கணத்திலிருந்து, பயணம் முடிந்து இறுதியாக நிற்கும் கணம் வரை உள்ளதே பறப்பு நேரம். எஞ்சினை இயக்கிவிட்டு நிறுத்துமிடத்திலேயே நின்று வானொலியில் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிமிடங்கள் அதில் சேரா. ஆனால் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே ஓடும் ஹாப்ஸ் மீட்டர் அவற்றையும் சேர்த்தே காட்டும். வாடகை மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே ஏட்டில் இறக்குபவர்கள், நூறு பயணங்களில் சில மணிகளையாவது இல்லாமல் எழுதியிருப்பார்கள். சரியாக 200.1 என்று வந்து நிற்கும் விண்ணப்பத்தில்தான் அது கழுத்தைப் பிடிக்கும். குறைந்தபட்சத்துக்கு மேல் ஐந்தாறு மணியாவது கூடுதலாக வைத்திருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

ஓடுபாதை27 எழுதியது:

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் இந்த மணிகளுக்குத் திறமையோடு உண்மையில் என்ன தொடர்பு என்று யாரும் கேட்பதில்லை. மேகவழி குறிப்பிட்ட 1500 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். அது சி.பி.எல்.லுக்கானது அன்று, அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தில் துணை விமானியாக அமரக்கூடக் கேட்கப்படும், விமான நிறுவன விமானிகளுக்கான ஏ.டி.பி. உரிமத்துக்கானது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்த பிறகு, 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியே வந்து, 2013இல் நடைமுறைக்கு வந்த விதி அது. ஆனால் அந்த விமானத்தின் தலைமை விமானியிடம் 3379 மணியும் துணை விமானியிடம் 2244 மணியும் இருந்தன. இருவருமே அந்த எல்லையை எப்போதோ தாண்டியவர்கள். வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதிலாகக் கட்டுப்பாட்டுக் கழியைப் பின்னால் இழுத்ததே அங்கு நடந்தது. அதை மணிக்கணக்கு எப்படித் தடுத்திருக்கும்?

ஐரோப்பாவில் 195 மணிப் பாடத்திட்டம் முடித்து, அதிலும் 55 மணி வரை சிமுலேட்டரில் கழித்து, நேராகப் பெரிய ஜெட்டின் வலது இருக்கையில் அமருகிறார்கள். 2006இல் ஐ.சி.ஏ.ஓ. ஏற்ற, குழுவாகப் பறக்கும் விமானிகளுக்கான எம்.பி.எல். உரிம முறையில் 240 மணிப் பயிற்சியின் பெரும்பகுதியே சிமுலேட்டர்தான். அவர்கள் நன்றாகவே பறக்கிறார்கள். ஆகவே சிறு விமானத்தில் மணி சேர்ப்பது கோயில் பிராகாரத்தைச் சுற்றுவதுபோல ஒரு சடங்கு. எண்ணிக்கை முடிந்தால் சரி, அதற்கு மேல் அதில் தேட ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

பழைய பயிற்றுநர் எழுதியது:

ஓடுபாதை27 அவர்கள் சொல்லும் விபத்து விவரங்கள் சரி. அந்தச் சட்டத்தின் எண் அந்த விபத்தின் காரணத்தோடு பொருந்தவில்லை என்பதையும் ஏற்கிறேன். ஆனால் 1500க்கு எதிரான வாதத்தை எடுத்து 100 மணித் தலைமை விமானி நேரத்தின் மீது எறிவதை ஏற்க மாட்டேன். இரண்டும் ஒரே அலகால் அளக்கப்படுகின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு.

ஒருவர் விமான நிறுவனத்தில் சேர்ந்த பின் ஆண்டுக்கணக்கில் துணை விமானியாகவே இருப்பார். வானிலை சரியில்லை, இன்று புறப்பட வேண்டாம் என்ற முடிவையோ, எரிபொருள் கணக்குக்கு மாறாகக் குறைகிறது, பாதி வழியில் வேறு நிலையத்தில் இறங்குவோம் என்ற முடிவையோ, வேறு யாரையும் திரும்பிப் பார்க்காமல் எடுக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்தச் சிறு விமான மணிகளில் மட்டும்தான். எம்.பி.எல். பெற்றவருக்குக்கூட இரு விமானிகள் இயக்கும் விமானங்களில், குழுவோடு பறக்கும் உரிமையே முதலில் கிடைக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. தனியே முடிவெடுத்த அனுபவம் குறைவு என்பதற்கு ஏற்றவாறுதான் அந்த உரிமமே வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

மணி சேர்ப்பு சடங்காகிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. சொந்த ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி, தெளிந்த வானத்தில், தெரிந்த நிலப்பரப்பின் மேல் நூறு மணி ஓட்டியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் நூறு மணி அனுபவம் இருப்பதில்லை, ஒரு மணி அனுபவம் நூறு முறை இருக்கிறது. பேனாவாலேயே பறக்கும் கூட்டமும் உண்டு. அமெரிக்க விமானிகள் அத்தகைய பதிவை, பழைய போர் விமானத்தின் பெயரையும் பார்க்கர் 51 பேனாவையும் முடிச்சுப்போட்டு, பி-51 நேரம் என்று கேலி செய்வார்கள்.

ஆகவே மேகவழி, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வேலையைக் கொடுங்கள். சி.பி.எல். தேர்வில் வருபவற்றை இப்போதே தொடங்கலாம். அமெரிக்கத் தரத்தில், பி.பி.எல். தேர்வில் 45 பாகை சாய்வில் செய்த ஸ்டீப் டர்ன் எனப்படும் திருப்பத்தை இங்கே 50 பாகையில், உயரம் 100 அடிக்கு மேல் மாறாமல் செய்ய வேண்டும். ஓடுபாதைக்கு இணையாகப் பறக்கும்போது எஞ்சின் விசையை முழுமையாகக் குறைத்து, 180 பாகை திரும்பி, முன்பே சொன்ன புள்ளிக்கு முன்னால் விழாமலும் அதைத் தாண்டி 200 அடிக்குள்ளும் சக்கரத்தைப் பதிக்க வேண்டும். எதிர்க்காற்று இன்று எவ்வளவு, இறக்கையின் பின்விளிம்பு மடலான ஃப்ளாப்பை எப்போது இறக்குவது, வளைவை எங்கே வெட்டுவது என்பதெல்லாம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் இதை ஒரே வாரத்தில் கற்றுவிட முடியாது. நெடும்பயணத்திலிருந்து திரும்பும் ஒவ்வொரு முறையும், போக்குவரத்தும் கட்டுப்பாட்டு டவரும் இடம் தந்தால், கடைசி இறக்கத்தை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் சில முறை பயிற்றுநரோடு.

ஓடுபாதை27 எழுதியது:

தனியே முடிவெடுப்பது பற்றிய வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது 100 மணிக்குத்தான் பொருந்தும். அமெரிக்காவில் 250 என்று வைத்திருப்பதற்கு அந்த வாதம் போதாது. ஐரோப்பாவின் 200 மணி விமானி அவரைவிடக் குறைந்தவர் என்று யாரும் நிறுவியதில்லை. அனுமதி பெற்ற சிமுலேட்டரில் பயிற்றுநருடன் பயின்ற நேரத்தை அந்த 250இல் 50 மணி வரை சேர்க்கலாம் என்று எஃப்.ஏ.ஏ.வே இடம் கொடுத்திருப்பதும் என் பக்கத்துக்கே வலுச் சேர்க்கிறது.

மேகவழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இறக்கைநுனி அவர்கள் சொன்னபடி ஏட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். தனியே பறந்தது முப்பது மணிக்குச் சற்று அதிகம். மீதி எல்லாம் டூயல். க்ராஸ் கன்ட்ரியில் பாதிக்கு மேல் 50 கடல் மைலுக்கு உட்பட்டவை. இரவுப் பறப்பு பயிற்றுநருடன் மட்டுமே.

இப்படித் திட்டமிடுகிறேன். அடுத்து சேர்க்கும் தனிப் பறப்புகள் அனைத்தும் 50 கடல் மைலைத் தாண்டிய நிலையங்களுக்கு. முக்கோண வழியைக் கைவிட்டு, 250 கடல் மைலுக்கு அப்பால் ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். இன்ஸ்ட்ரூமென்ட் பத்து மணியில் பாதிக்கு மேல் விமானத்திலேயே. இரவுப் பறப்பை மட்டும் எப்போது வைப்பது என்று தெரியவில்லை.

இறக்கைநுனி எழுதியது:

இரவுப் பறப்பைக் கடைசிக்கு வையுங்கள். இந்திய விதியில் தலைமை விமானியாகச் செய்ய வேண்டிய 10 இரவுப் புறப்பாடுகளும் 10 இறக்கங்களும் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் 5 மணி இரவில் 3 மணியாவது டூயலாகவும், அதில் 1 மணியாவது க்ராஸ் கன்ட்ரி வழிகாட்டலாகவும் இருந்து, தனியாக 5 புறப்பாடும் 5 முழுநிறுத்த இறக்கமும் செய்திருக்க வேண்டும். ஆகவே ஓடுபாதையைத் தொட்டுவிட்டு உடனே எழும்பும் இறக்கங்களாகவே எல்லாவற்றையும் எழுதிவிடாதீர்கள். இன்ஸ்ட்ரூமென்ட் பயிற்சியில் அன்று என்ன பயின்றீர்கள் என்பதைப் பயிற்றுநர் குறிப்புப் பத்தியில் விளக்கமாக எழுதிக் கையொப்பமிடட்டும். இன்ஸ்ட்ரூமென்ட் என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டுக் கோப்பைத் திருப்பி அனுப்பும் அதிகாரிகள் உண்டு.

வடகாற்று எழுதியது:

அமெரிக்கக் கதவும் திறந்திருக்க வேண்டும் என்றால் இரவுக் கணக்கில் இன்னொன்றைச் சேருங்கள். 5 மணித் தனி இரவுப் பறப்பில் செய்யும் 10 புறப்பாடுகளும் 10 இறக்கங்களும், கட்டுப்பாட்டு டவர் இயங்கிக்கொண்டிருக்கும் நிலையத்தில் நடந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் முழுச் சுற்று வர வேண்டும். இரவு குறிப்பிட்ட மணிக்கு மேல் மூடிவிடும் டவர்கள் நிறைய இருக்கின்றன. டவர் மூடிய பின்னும் ஓடுபாதை விளக்குகள் எரியும், இறங்கவும் முடியும். ஆனால் அந்த இறக்கங்கள் இந்தப் பத்தில் சேரா. எனவே விமானத்தை முன்பதிவு செய்வதற்கு முன் அந்த டவரின் பணி நேரத்தைப் பாருங்கள். கோடையில் இருட்டுவதற்கே நேரமாகும் இடமாக இருந்தால், இருட்டுக்கும் டவர் மூடுவதற்கும் இடையில் பத்து சுற்றுகளுக்கு நேரம் போதாது. இரண்டு இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.